மாமனார் வந்தால் நிற்கும் இருமல்

பொத்தானை அழுத்தினால் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். அப்படிப்பட்ட சாமான் எதுவானாலும் ஸ்தனிஸ்லாஸுக்கு உயிர். பொம்மிடி ரயில் நிலையத்தில் அவன் பாயிண்ட்ஸ்மேன். நெம்புகோலைப் பிடித்து இழுத்தால் தண்டவாளம் நகரும். தண்டவாளம் நகர்ந்தால் ஜோலார்பேட்டையிலிருந்து வருகிற அத்தனை நீளக் கூட்ஸ் வண்டியும் வாயை மூடிக்கொண்டு அவன் காட்டிய பாதையில் போகும். வேலையில் இந்த ருசியைக் கண்டவன் வீட்டில் மட்டும் சும்மா இருப்பானா?

தட்டினால் படக்கென்று விரிகிற குடையை அந்தத் தெருவுக்கு முதலில் கொண்டுவந்தவன் அவன்தான். அதை மழையில் பிடித்ததைவிடப் பிறர் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குள் விரித்துக் காட்டியதுதான் அதிகம். விரித்து விரித்தே அது செத்தது. அடுத்து சேவல்போலக் கூவும் அலாரம் கடிகாரம் வந்தது. அது கூவ, எதிர்வீட்டுக் கோவிந்தம்மாளின் சேவல் எதிர்க்கூவல் கூவ, இரண்டும் போட்டி போட்டதில் தெருவே சாவியை ஒளித்து வைக்கச் சொல்லி ராஜமேரியிடம் முறையிட்டது. அவள் ஒளித்து வைத்தாள். கணவன் கேட்டபோது எலி கொண்டுபோயிருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

மற்றபடி ஆள் தங்கம். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பீடி மட்டும் உண்டு. அதையும் யாரும் குறை சொல்லாதபடிக்கு மரியாதையோடு பிடித்தான். பெரியவர்கள் முன்னால் பற்றவைக்க மாட்டான். பங்குச் சாமியாரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டாலே பீடி மாயமாகிவிடும். ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் கிடையாது. மாமனார் சவரிராயன் முன்னால் அறவே கிடையாது. ஒருநாள் கடத்தூர்ச் சந்தையில் மாமனார் திடீரென்று எதிரே வந்துவிட, பாதி பீடியை அவசரத்தில் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பை புகைந்துகொண்டிருக்க, மழை, புளி விளைச்சல், மாட்டு விலை என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னான். சட்டையில் விழுந்த ஓட்டையை ராஜமேரி ஒட்டுப் போட்டுத் தைத்தாள். சவரிராயனோ இப்படி ஒரு மாப்பிள்ளை எவனுக்குக் கிடைப்பான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் புகையிலை போடுகிறவர். புகை விடுகிறவர்களைக் கண்டால் ஆகாது.

ராஜமேரிக்கு இருமல் வந்தது கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். பகலில் சும்மா இருக்கும். அவன் வேலை முடிந்து வந்து, விளக்கு வைத்து, கதவைச் சாத்தியதும் தொண்டைக்குள் ஏதோ ஊர்வதுபோல ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் முதுகு வளைந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை விடாது. மூன்று வயது மகள் புஷ்பா தன் பங்குக்கு அம்மாவின் முதுகைத் தட்டிவிடுவாள். ஸ்தனிஸ்லாஸ் பதறிப்போவான். பனி ஆகாது என்று சன்னலை அடைத்தான். அது போதாதென்று சன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்தான். அடைத்த அறையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கவலையோடு உட்கார்ந்து, மனம் கேளாமல் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்வான்.

வைத்தியத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. இலவம்பஞ்சு ஆகாது என்று எவரோ சொல்ல, தலையணை போய் மடித்த சேலை வந்தது. பூனை முடி என்றார்கள். பூனை ரயிலேறி சேலத்தில் ஒரு ரயில்வே கலாசி வீட்டுக்குப் போனது. அடுப்புப் புகையாக இருக்குமோ என்று கோவிந்தம்மாள் ஒருமுறை கேட்டாள். அடுப்போ கொல்லைப்பக்கம் நாலு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகையில் இருந்தது. ராஜமேரி அங்கே நாளெல்லாம் ஊதுகுழலோடு மல்லுக்கட்டினாலும் ஒரு செருமல்கூட வராது. அதனால் புகை என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

பொம்மிடியில் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் ஜானகியம்மாளிடம் கூட்டிக்கொண்டு போனான். வயதான அம்மாள். கைராசியும் வாய்த்துடுக்கும் சமமாக உள்ளவர். குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எங்கே இருமு பார்க்கலாம் என்றார். ராஜமேரி இருமினாள். அது கூப்பிட்டதற்காக வந்த இருமல். அவளுடைய சொந்த இருமல் இல்லை. டாக்டருக்கும் அது தெரிந்தது. தர்மபுரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படம் பளிங்காக வந்தது. ஸ்தனிஸ்லாஸ் அந்தப் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, தன் மனைவியின் நெஞ்செலும்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தெருவுக்கெல்லாம் காட்டினான். அதுவும் ஒரு புதுச் சாமான்தானே. ஆனால் சாயங்காலம் இருமல் வந்தது.

டாக்டர் முன்னால் வராத இருமல் சாமியார் முன்னாலும் வரவில்லை. வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க அவர் வந்திருந்தபோது ராஜமேரி சத்தமில்லாமல் நின்றாள். சாமியார் காப்பி குடித்து, ஞானோபதேசம் சொல்லி, ஊர்க்கதை பேசி, இருட்டும்வரை இருந்தார். இருமல் எட்டிப் பார்க்கவில்லை. தீர்த்தத்தின் மகிமை என்று எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சாமியார் சைக்கிள் திருப்பத்தில் மறைந்தது. ஸ்தனிஸ்லாஸ் நிம்மதியாக ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். மகிமை அத்தோடு போயிற்று.

இங்கேதான் அவனுடைய அக்கா வேளாங்கண்ணி உள்ளே வருகிறாள். பக்கத்து வீடு. கணவனை இழந்தவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அந்த உரிமையைத் தினமும் ஒருமுறையாவது நினைவூட்டுகிறவள். புஷ்பா பாதி நாள் இந்த அத்தையின் இடுப்பில்தான் இருப்பாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்து மூன்று என்று சொல்வதில் கைதேர்ந்தவள். டாக்டர் முன்னால் இல்லை, சாமியார் முன்னால் இல்லை, கோயிலில் இல்லை, தாய்வீட்டுக்குப் போனால் இல்லவே இல்லை. புருஷன் வீட்டுக்கு வந்ததும் மட்டும் இருமல் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழாயடியில் கேட்டாள். அர்த்தத்தை அவள் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அது நடிப்பு என்பதை ஸ்தனிஸ்லாஸ் நம்பவில்லை. அக்காவிடம் சண்டைகூடப் போட்டான். ஆனால் அந்த வருடம் சவரிராயன் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு, ஓய்வுக்காக மகள் வீட்டில் வந்து தங்கினார். கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு நடுவீட்டில் படுத்திருந்தார். மாமனார் பார்க்க முடியாதவராக இருந்தாலும் மூக்கு இருக்கிறதே. ஸ்தனிஸ்லாஸ் வீட்டில் பீடியைத் தொடவே இல்லை. ரயில் நிலையத்திலேயே முடித்துக்கொண்டு, கொய்யா இலையை மென்றுவிட்டு வருவான். அவர் இருந்த நாளெல்லாம் ராஜமேரிக்கு இருமல் இல்லை. முகம் தெளிந்து, கன்னம்கூடச் சற்று பூசினாற்போல் ஆனாள்.

சவரிராயனைக் கடத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் ஸ்தனிஸ்லாஸ் காலை நீட்டி உட்கார்ந்து, பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டதுபோல வரிசையாக இரண்டு பீடி பிடித்தான். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. நல்ல, நீளமான, பழைய இருமல். பக்கத்து வீட்டிலிருந்து வேளாங்கண்ணி வேண்டுமென்றே தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல்தான் அவனைக் கெடுத்தது.

"ஏம்மே, உங்கப்பா இருந்தா மட்டும் எப்படி நிக்குது?" என்று கேட்டுவிட்டான்.

ராஜமேரி வாயைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதிகம் பேசாதவள். அன்றும் அதிகம் பேசவில்லை.

"நீங்களுமா?" என்றாள்.

அவ்வளவுதான். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், துணி துவைத்தாள், அவனோடு பேசவில்லை. இருமல் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பனியில் நின்று இருமிவிட்டு வந்தாள். அங்கே போனால் சீக்கிரம் அடங்கியது. அடங்குவதையும் சந்தேகப்படுவார்களோ என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். கொல்லைக் கதவு வழியாக இதைப் பார்த்த ஸ்தனிஸ்லாஸுக்குத் தன்னையே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்பதை ஊருக்கு நிரூபித்தால் ஒழிய அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று அவனுக்குப் பட்டது. எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் டூ இன் ஒன் வந்தது. சித்தப்பா மகன் சவுரியப்பன் மஸ்கட்டில் வெல்டர். விடுமுறைக்கு வந்தவன் அண்ணனுக்கென்று கொண்டுவந்திருந்தான். கறுப்பும் வெள்ளியுமாக, கைப்பிடி வைத்து, ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருக்கிற பெட்டி. அதில் இருந்த பொத்தான்களை ஸ்தனிஸ்லாஸ் உடனே அழுத்திப் பார்க்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றும் அழுத்தினால் உள்ளே போகும், இன்னொன்றை அழுத்தினால் டக்கென்று வெளியே வரும். மூடியைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் மூடி அவசரப்படாமல், கவுரவமாக, மெதுவாகத் திறக்கும். பாட்டே போடாமல் அந்த மூடியை மட்டும் திறந்து மூடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தான். பேசாமல் இருந்த ராஜமேரியும் பேசாமலேயே அதற்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டாள்.

சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நாம் பேசுவதை அது பிடித்துக்கொள்ளும் என்று சவுரியப்பன் காட்டிக் கொடுத்தான். பிறகு தெருவில் ஒருவர் வாய் சும்மா இருக்கவில்லை. கோவிந்தம்மாள் ஒரு ஒப்பாரி பாடினாள். வேளாங்கண்ணி விசுவாசப் பிரமாணம் முழுதும் சொன்னாள். திருப்பிப் போட்டுக் காட்டியபோது ஒரு வேடிக்கை நடந்தது. கோவிந்தம்மாள் தன் குரலைக் கேட்டு, இது நானில்லை, எவளோ கிழவி என்று சாதித்தாள். வேளாங்கண்ணி, நான் மூக்கால் பேசுகிறவளா என்று கோபித்துக்கொண்டாள். அடுத்தவர் குரல் எல்லோருக்கும் உடனே தெரிந்தது. தன் குரல் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்தனிஸ்லாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. இருமல் டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறது. வராவிட்டால் போகிறது, பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விட்டால்?

மறுநாள் சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தபோதே பெட்டியைத் தகரப்பெட்டியின் மேல் தயாராக வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டான். புஷ்பா அத்தை வீட்டில் தூங்கிப்போயிருந்தாள். சன்னல் வழக்கம்போல அடைத்திருந்தது. ஜெபமாலை முடிந்தது. மாதா பிரார்த்தனை முடிந்தது. இருமல் வரவில்லை. ராஜமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தன் தொண்டையைப் பெட்டி முன்னால் நிறுத்தி வைத்திருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. சாமியார், டாக்டர், மாமனார் வரிசையில் இப்போது இந்தப் பெட்டியைக் கண்டும் இருமல் பயந்துவிட்டதோ என்று ஸ்தனிஸ்லாஸுக்குக் கவலை வந்துவிட்டது. கவலை வந்தால் கை எங்கே போகும்? இடுப்பு மடிப்புக்குப் போயிற்று. ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தான்.

சற்று நேரத்தில் வந்தது இருமல். முதலில் ஒன்று, பிறகு அடுக்கடுக்காக.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று அவன் எழுந்தே விட்டான். கட்டிய மனைவி மூச்சு வாங்க இருமுவதைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் அந்த ஜில்லாவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். மறுநிமிடம் வெட்கம் வந்துவிட்டது. சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனான். பேச்சில்லாமல் போன இத்தனை நாளுக்குப் பிறகு, "தண்ணி குடிக்கிறியா கண்ணு?" என்று கேட்டான். அவள் வாங்கிக் குடித்தாள். குடித்தாளே என்ற நிம்மதியில் அவன் இன்னொரு பீடியைப் பற்றவைத்தான். அதற்கும் இருமல் வந்தது. டேப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது.

போட்டுக் கேட்டபோது அற்புதமாக இருந்தது. ஒரே ஒரு குறை. இருமல் வருவதற்குச் சற்று முன்னால் 'சரக்'கென்று ஒரு கீறல் சத்தம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். டாக்டரிடம் கொண்டுபோகும் சாட்சி சுத்தமாக இருக்க வேண்டாமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரேடியோ ரிப்பேர்க்காரன் மாதுவிடம் ஓடினான். மாது திருகாணியைக் கழற்றி, பஞ்சால் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டுப் போட்டுப் பார்த்தான். சரக். இருவரும் ஆளுக்கொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நெடுநேரம் ஆராய்ந்தார்கள். கேசட்டில் கோளாறா, பெல்ட்டில் கோளாறா என்று தீக்குச்சியால் காட்டிக் காட்டி விவாதித்தார்கள். கடைசியில் மாது கையை விரித்துவிட்டான்.

"வெளிநாட்டு மிஷினுண்ணா. அதும் மனசுல என்ன இருக்குதோ" என்றான்.

குறையோடாவது போகலாம் என்று புது பேட்டரிக் கட்டைகளைப் போட்டு, பெட்டியை மஞ்சள் பையில் வைத்து, ராஜமேரியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் ஜானகியம்மாளிடம் போனான். துணைக்கு வேண்டாம் என்று சொல்லியும் வேளாங்கண்ணி புஷ்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கூட்டம். சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்த மாதம்மாள் என்ற பெண்மணி, பையிலிருந்து எட்டிப் பார்த்த கைப்பிடியைப் பார்த்துவிட்டுப் பாட்டுப் போடச் சொன்னாள். பாட்டு இல்லை, இருமல்தான் இருக்கிறது என்று ஸ்தனிஸ்லாஸ் சொன்னதும் அவள் தன் முறை முடிந்த பிறகும் போகாமல் கதவோரம் நின்றுகொண்டாள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

டாக்டர் மேசையில் பெட்டியை வைத்து, உறையை நீக்கி, பொத்தானை அழுத்தினான். முதலில் மாதா பிரார்த்தனையின் கடைசி வரிகள் கேட்டன. டாக்டர் பொறுமையாக இருந்தார். பிறகு நிசப்தம். பிறகு சரக். பிறகு இருமல். அறையில் இருந்தவர்களின் முகம் மாறிவிட்டது; அப்படி ஓர் இருமலை யாரும் நடிக்க முடியாது. வேளாங்கண்ணி புஷ்பாவின் தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஸ்தனிஸ்லாஸ் ஜெயித்துவிட்டான். ராஜமேரியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் குரல் பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது கதவோரத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். மறுபடி சரக். மறுபடி இருமல்.

டாக்டர் திருப்பிப் போடச் சொன்னார். போட்டான். இன்னொரு தடவை என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார். மாதம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அதென்னப்பா, சரக்குனு ஒரு சத்தம்?" என்று கேட்டார் டாக்டர்.

"அது மிஷின் கோளாறுங்கம்மா. மாதுகிட்டக் காட்டியும் புடிபடலை. நீங்க இருமலை மட்டும் கேளுங்க."

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஊசியைக் கொதிக்கவைக்கும் ஸ்பிரிட் விளக்குக்காக வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உரசினார். சரக்.

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எல்லோருக்கும் முதல் தடவையே தெரிந்திருக்கிறது. ஸ்தனிஸ்லாஸ் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. அவன் எரிகிற குச்சியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், பிறகு தன் இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சாமியார், ஆஸ்பத்திரி, கோயில், மாமனாரின் பச்சைத் துணி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் மனதில் வந்து நின்றன.

டாக்டர் குச்சியை ஊதி அணைத்தார். "உனக்கு மரியாதை ஜாஸ்தின்னு கேள்விப்பட்டிருக்கேன். யார் யார் முன்னாடி நீ பீடி குடிக்க மாட்டே, சொல்லு."

அதைச் சொல்வதில் அவனுக்கு எப்போதும் பெருமைதான். பழக்கத்தில் சொல்லிவிட்டான்: "சாமியாரு, ஸ்டேஷன் மாஸ்டரு, எங்க மாமா, அப்பறம் நீங்கம்மா."

"அந்த வரிசையில உன் பொண்டாட்டியும் நிக்கட்டும். வேற மருந்து நான் எழுதப் போறதில்ல" என்றார் டாக்டர், அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே.

திரும்பி வரும்போது வேளாங்கண்ணி புஷ்பாவோடு முன்னால் விடுவிடுவென்று நடந்து போய்விட்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கணவனும் மனைவியும் வண்டிக்காகக் காத்து நின்றார்கள். மஞ்சள் பை அவன் கையில் கனத்தது. இத்தனை நாளும் அவளுக்கு நோவைக் கொடுத்ததும் நான், பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்பட்டதும் நான் என்று நினைத்தபோது அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அதை மறைக்கக் கோபத்தை எடுத்துக்கொண்டான். உனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். தனக்கும் தெரியவில்லை என்றாள் அவள். அப்பா வீடு தவிர, பீடிப் புகை இல்லாத வீட்டை அவள் எங்கே கண்டாள்? பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இருமல் கெடக்குதுங்க. நான் பொய் சொல்லலைன்னு உங்களுக்குச் சொல்றதுக்கு மஸ்கட்ல இருந்து ஒரு மிஷின் வரவேண்டியிருந்துச்சு பாருங்க, அதுதான்."

கூட்ஸ் வண்டி கடந்து போயிற்று. இந்த வண்டியைத் திருப்புகிற கைக்கு ஒரு பீடிக் கட்டைத் திருப்ப முடியாதா என்று அவன் நினைத்துக்கொண்டதாகப் பின்னாளில் மாதுவிடம் சொன்னான். ஆனால் அன்று நினைத்தது அதுவல்ல. கேட் சீக்கிரம் திறக்கக்கூடாதா என்றுதான் நினைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சன்னல் இடுக்கிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தான். பீடியை விட்டுவிட்டான் என்று சொன்னால் அது பொய். வீட்டில் விட்டான். தெருமுனைப் புளியமரம் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் புகை கிடையாது. முதல் சில நாள் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. சோறு தின்றதும் கை தானாக இடுப்புக்குப் போகும், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டி டூ இன் ஒன் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். மழை நாட்களில் அந்த மரத்தடியில் கம்பி போன குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பெண்டாட்டிக்குப் பயந்து மரத்தடியில் ஒளிகிறான் என்று வேளாங்கண்ணி குழாயடியில் ஆரம்பித்தாள். அன்று ராஜமேரி நாத்தனாரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். பூப்போட்ட உறையை நீக்கினாள். அதுவரை அந்தப் பெட்டியைத் தொட அவன் யாரையும் விட்டதில்லை. அவள் தானே பொத்தானை அழுத்தி, சரக்கிலிருந்து இருமல் முடியும்வரை ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு, காப்பி கலக்கப் போனாள். வேளாங்கண்ணி காப்பியைக் குடித்தாள். பிறகு குழாயடியில் வேறு கதை பேசினாள்.

இருமல் ஒரேயடியாகப் போகவில்லை. விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து, உட்கார இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்த புளி உலுக்கும் காலத்துக்குள் ராஜமேரி அதை மறந்தே போனாள்.

அந்தப் புளிக் காலத்தில்தான் சவரிராயன் ஒரு கூடைப் புளியோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். கண் இப்போது நன்றாகத் தெரிந்தது. திறந்திருந்த சன்னல் ஓரம் கட்டிலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து ஸ்தனிஸ்லாஸ் வருவது தெரிந்தது. புளியமரத்தடிக்கு வந்ததும் நின்றான். கடைசி இழுப்பை இழுத்து, பீடியைக் கீழே போட்டுச் செருப்பால் தேய்த்தான். சட்டைப்பையிலிருந்து கொய்யா இலையை எடுத்து மென்றான். வாயைத் துடைத்தான். உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி வீட்டைப் பார்த்து நடந்தான்.

சவரிராயனுக்குப் பெருமை தாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டு, இந்தக் காலத்தில் மாமனாருக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற மாப்பிள்ளை எங்கே இருக்கிறான் என்று சன்னலுக்கு வெளியே கை காட்டினார்.

ராஜமேரி புளிக்கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தாள்.

"நீ வந்திருக்கறதே அவருக்கு இன்னும் தெரியாதுப்பா" என்றாள். "அது எனக்கு."